பாப்பா இமையில் ரத்தக்குழாய்க் கட்டி: சாதுவான கட்டி என்றால் சும்மா விட்டுவிடலாமா?

வாசல்_கோலம் | திங்கள், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாவது பாப்பா, இன்றோடு 13 வாரம். 34-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள், 1.9 கிலோ. பிறந்தபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, குளிப்பாட்ட வரும் பாட்டிதான் முதலில் பார்த்தார். இடது மேல் இமையில், மூக்கை ஒட்டின பக்கம், தோல் லேசாக வெளுத்து, நடுவில் சிவப்பு நூல் இழை மாதிரி இரண்டு கோடு. கொசுக்கடி என்று விட்டுவிட்டோம். மூன்றாம் வாரம் குங்குமப் பொட்டு அளவு. இப்போது பழுத்த கோவைப்பழத்தைப் பாதியாக அரிந்து ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது. தொட்டால் மெத்தென்று, கொஞ்சம் சூடாக இருக்கும். அழுதால் இன்னும் உப்புகிறது.

தினமும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று முதல் படத்திலிருந்து வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வலது கண் முழுதாகத் திறக்கிறது. இடது கண்ணில் கருவிழியின் மேல் பாதி தெரியவே இல்லை.

எங்கள் ஊர் டாக்டர், "ஹெமாஞ்சியோமா, சாதுவான கட்டி, தானாகப் போய்விடும், ஒரு வயசுக்கு மேல பாத்துக்கலாம்" என்றார். மனசு கேட்காமல் தஞ்சாவூர் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். சீட்டில் 'வாஸ்குலர் ட்யூமர்' என்று போட்டிருந்தது. அந்த டாக்டர் பார்த்தவுடனே, ப்ரோப்ரனலால் ஆரம்பிக்கலாம், அதற்கு முன் கண் டாக்டரைப் பாருங்கள் என்றார். அது என் நாத்தனார் ஒற்றைத் தலைவலிக்குச் சாப்பிடும் மாத்திரை! வீட்டுக்காரர், "நாலு கிலோ குழந்தைக்கு பிபி மாத்திரையா, வேண்டவே வேண்டாம்" என்கிறார். மாமியார், நான் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று செம்பருத்தி பறித்ததுதான் காரணம் என்கிறார். பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார்கள். நான் நெட்டில் தேடி 'ஆஞ்சியோசார்கோமா' என்ற ரத்தக்குழாய்க் கேன்சரைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

ட்யூமர் என்றால் கேன்சர்தானே? இல்லை என்றால் எதற்கு மருந்து? ஒருத்தர் விடு என்கிறார், ஒருத்தர் உடனே என்கிறார். யாரை நம்புவது?

---

ஆற்றங்கரை | செவ்வாய், காலை 6.15

பயப்படாதீங்க தங்கச்சி. எங்க அண்ணன் மகளுக்கு முதுகில் இதே மாதிரி, எலுமிச்சங்காய் அளவு இருந்தது. ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றாம் வகுப்பு போகும்போது காற்றுப் போன பலூன் மாதிரி கொஞ்சம் தோல் மட்டும் மிச்சம். பெரியவங்க சொல்ற மாதிரி தானா மறையும்.

---

இரவு_ஷிப்ட் | செவ்வாய், காலை 8.02

ஆற்றங்கரை அண்ணன் சொன்னது முதுகுக்குச் சரி. இமைக்குச் சரியில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன் சகோதரி, முழுக்கப் படிங்க.

என் மகளுக்கும் இடது மேல் இமைதான். எங்களுக்கும் 'தானாகப் போய்விடும்' என்றுதான் சொன்னார்கள். அது பொய் இல்லை, உண்மையாகவே போய்விடும். ஆனால் போவதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும், கண் அதுவரை காத்திருக்காது. நாங்கள் ஏழாவது மாதம்வரை சும்மா இருந்தோம். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கட்டி கருவிழியை அழுத்தி அதன் வளைவையே மாற்றிவிட்டது, சிலிண்டர் பவர் ஏறிவிட்டது. இமை கண்ணை மூடினால் மட்டும்தான் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். மூடாவிட்டாலும் அழுத்தினாலே போதுமாம். மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி விட்டுவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்களே, அது. இப்போது அவளுக்கு ஐந்து வயது. கட்டி இருந்த இடம் யாருக்கும் தெரியாது. ஆனால் கண்ணாடி போடுகிறாள், தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணுக்கு ஒட்டு போட்டு உட்கார வைக்கிறோம். அந்த இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டில் நடக்கிற யுத்தம் தனிக்கதை.

மாத்திரைக்கு வருகிறேன். எனக்கும் உங்கள் வீட்டுக்காரர் பயம்தான் இருந்தது. முதலில் இசிஜி எடுத்தார்கள், நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள், சுகர் பார்த்தார்கள். ஒரு நாள் அட்மிட். முதல் வேளை கொடுத்ததும் இரண்டு மணி நேரம் நர்ஸம்மா நாடியும் பிரஷரும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை, மகள் நன்றாகத் தூங்கினாள். சின்ன அளவில் ஆரம்பித்து எடை பார்த்து ஏற்றினார்கள். எங்களுக்கு 10 மில்லிகிராம் மாத்திரையைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் இத்தனை மில்லி என்று மார்க்கர் கோடு போட்டே கொடுத்தார்கள். நீங்களாக அளவு போடாதீங்க.

முக்கியமாகப் பயப்பட வேண்டியது வெறும் வயிற்றுக்கு. இந்த மருந்து குழந்தையின் சர்க்கரையை இறக்கிவிடும். பால் குடித்த பிறகுதான் கொடுக்கணும். ராத்திரி தூங்குகிறதே என்று நெடுநேரம் விடக்கூடாது, நான் ஷிப்ட் முடிந்து வந்து எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்வேன். வாந்தி, பேதி, பால் குடிக்காத நாள் என்றால் அன்று மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன். சளி பிடித்து மூச்சில் விசில் சத்தம் வந்தாலும் அப்படியே. கை கால் சில்லென்று இருக்கும், தூக்கம் கெடும். அது பரவாயில்லை.

நாலாம் நாள் தக்காளிச் சிவப்பு, நாவல்பழ நிறத்துக்கு மாறியது. என் மனைவி கெட்டுப்போய்விட்டது என்று அழுதாள். அதுதான் அடங்குகிற நிறமாம். ஏழு மாதத்தில் ஆரம்பித்ததை மூன்று மாதத்திலேயே ஆரம்பித்திருந்தால் கண்ணாடி இல்லாமல் போயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம்.

---

பழைய_ஸ்லைடு | செவ்வாய், மதியம் 2.30

31 வருஷம் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பேதாலஜி லேப்பில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, இலை மாதிரி சீவி, சாயம் போட்டு டாக்டர் மேஜையில் வைப்பது என் வேலை. அதனால் பெயர்க் குழப்பத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியும்.

அம்மா, ட்யூமர் என்றால் கேன்சர் இல்லை. செல் பெருகி உண்டாகும் கட்டி எதற்கும் அந்தப் பெயர்தான். உங்கள் பாப்பாவுக்கு இருப்பது ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் தறிகெட்டுப் பெருகுவது. பச்சைக் குழந்தைகளுக்கு வரும் கட்டிகளிலேயே இதுதான் ரொம்ப சகஜம். நூறு குழந்தையில் நாலைந்து பேருக்கு வரும். பெண் குழந்தை, குறைமாதம், எடை குறைவு என்றால் இன்னும் அதிகம். உங்கள் பாப்பா மூன்றுமே. கிரகணமும் செம்பருத்தியும் இதில் சேர்த்தி இல்லை என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய கதை, அதாவது பிறக்கும்போது இல்லை, பிறகு வெளுத்த தோல், நூல் இழை, அப்புறம் வாரத்துக்கு வாரம் வளர்ச்சி, அதுவே பாதி ரிப்போர்ட். இது ஐந்து மாதம்வரை ஓடும், குறைமாதக் குழந்தைக்குச் சில சமயம் இன்னும் கொஞ்சம். அதற்குள் வளர வேண்டியதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே வளர்ந்துவிடும். அப்புறம் நிற்கும், பிறகு நரைத்துச் சுருங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு வயதுக்குள் அடங்கிவிடும். கேன்சர் பொதுவாக அப்படித் தானாகத் திரும்பிப் போகாது.

இதற்கு நேர்மாறு பிறவித் தழும்பு. 1982-ல் அமெரிக்காவில் மல்லிகன், க்ளோவாக்கி என்ற இரண்டு பேர் பிரித்துக் காட்டும்வரை எல்லாவற்றையும் ஹெமாஞ்சியோமா என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எழுதினோம், ஏன் மறைக்கணும். செல் பெருகுவது கட்டி. குழாய் உருவாகும்போதே தப்பாக அமைந்துபோனது உருக்குறை. அது பிறக்கும்போதே இருக்கும், பிள்ளை வளர வளரக் கூடவே வளரும், தானாகப் போகாது. ஒயின் நிறத்தில் பாதி முகத்தில் பரவியிருக்கும் தழும்பு இந்த வகை. 2000-க்குப் பிறகு எங்களுக்கும் ஒரு வழி கிடைத்தது. குளூட்-1 என்று ஒரு புரதம். குழந்தை ஹெமாஞ்சியோமாவில் அந்தப் புரதத்தைக் காட்டும் சாயம் பழுப்பாகப் பிடிக்கும், மற்றதில் பிடிக்காது. அதே புரதம் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாயிலும் இருக்கிறது. முதல்முறை இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் உங்கள் பாப்பாவுக்கு ஊசியும் வேண்டாம் வெட்டவும் வேண்டாம். இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அந்த மாத்திரை கிடைத்த கதையும் கேளுங்கள். 2008, பிரான்சில் போர்தோ நகர ஆஸ்பத்திரி. மூக்கில் ஹெமாஞ்சியோமா உள்ள ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயச் சுவர் தடித்துவிட்டது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி சிவப்பு போய் ஊதாவாகி மெத்தென்று ஆகிவிட்டது. லெயோத்தே-லாப்ரேஸ் என்ற தோல் டாக்டரம்மா அதைச் சும்மா விடாமல் மற்ற குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார். 2015-ல் 460 குழந்தைகளை வைத்துச் சோதனை முடிவு வந்தது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்ததில் நூற்றுக்கு அறுபது பேருக்கு கட்டி முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் பாகு கொடுத்தவர்களில் நூற்றுக்கு நாலு. அதற்கு முன்னால் நாங்கள் பார்த்த காலத்தில் ஸ்டீராய்டு, இல்லாவிட்டால் கத்தி. மூஞ்சி உப்பிப்போன குழந்தைகளை வராந்தாவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எது அவசரம் என்றால் இடத்தைப் பொறுத்தது. இமை, உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. தாடி முளைக்கும் இடம் முழுக்க இருந்தால் உள்ளே மூச்சுக்குழாயிலும் இருக்கலாம், குழந்தை மூச்சு விடும்போது கர்ரென்று சத்தம் வந்தால் அன்றைக்கே ஓடணும். முகத்தில் ஒரு பட்டையாக, 5 சென்டிமீட்டருக்கு மேல் படர்ந்திருந்தால் மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் இதயமும் மூளைக்குப் போகும் குழாய்களும் பார்க்கணும். உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ புள்ளிகள் இருந்தால் ஈரல் ஸ்கேன். பாப்பாவை ஒரு தடவை துணியில்லாமல் நல்ல வெளிச்சத்தில் தலையிலிருந்து பாதம்வரை எண்ணிப் பாருங்கள்.

குழந்தைகளில் இதே மாதிரி வேஷம் போட்டு ஏமாற்றுவது ஒன்று உண்டு. கருஊதா நிறம், கல் மாதிரி இறுகல், பளபளப்பு, திடீரென்று வீங்கும், சுற்றிலும் கன்றிப்போன மாதிரி இருக்கும். ரத்தத்தில் தட்டணு சடசடவென்று இறங்கிவிடும். 1940-ல் கசபாக், மெரிட் எழுதியது. அது சாதாரண ஹெமாஞ்சியோமா இல்லை, வேறு கட்டி என்பது பின்னால்தான் புரிந்தது. மெத்தென்று இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுக்கு அது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பார்த்த டாக்டருக்குத்தான் தெரியும்.

நீங்கள் படித்துப் பயந்த ஆஞ்சியோசார்கோமா பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களுக்கு வருவது. அதைப் பற்றி எனக்கு ஒரு ஸ்லைடு ஞாபகம் இருக்கிறது. விறகுக்கடைக்காரர் ஒருத்தர், எழுபது வயதிருக்கும். உச்சந்தலையில் கன்றிப்போன மாதிரி ஒரு திட்டு. எங்கோ இடித்துக்கொண்டேன் என்று மூன்று மாதம் எண்ணெய் தடவியிருக்கிறார். இடித்த காயம் பத்துப் பதினைந்து நாளில் மஞ்சளாகி மறையும். இது மறையவில்லை, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் பரவியது, அப்புறம் ரத்தம் கசிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குழாய்கள் ஒன்றோடொன்று கண்டபடி கோத்துக்கொண்டு, கொழுப்புக்குள் புகுந்து போயிருந்தன. வரம்பே இல்லை. பாப்பாவின் கட்டி வரப்பு கட்டின வயல் என்றால் அது வெள்ளம். கதிர்வீச்சு கொடுத்த மார்பில் பல வருஷம் கழித்தும் அது வரலாம். மார்பு எடுத்த பிறகு வீங்கிப்போன கையிலும் வரும் என்று 1948-லேயே ஸ்டூவர்ட், ட்ரீவ்ஸ் இருவரும் எழுதியிருக்கிறார்கள். நிணநீர் தேங்கிப் பல வருஷம் வீங்கிய இடம் எதுவானாலும் அப்படி, மிக மிக அபூர்வமாக யானைக்காலில்கூட. வீங்கின காலில் புதிதாக ஊதாப் புடைப்பு வந்தால் காட்டிவிடணும். 13 வாரக் குழந்தையின் இமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நெட்டை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

சுண்ணாம்பு மட்டும் வேண்டாம் அம்மா. வெந்து புண்ணாகிவிடும், அதுவும் கண்ணுக்குப் பக்கத்தில்.

---

சைக்கிள்கடை | செவ்வாய், இரவு 9.10

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கணும். எனக்குப் போன வருஷம் ஆள்காட்டி விரல் நுனியில் ஸ்போக்ஸ் கம்பி கீறிய இடத்தில் சிவப்பாக ஒரு மணி வந்தது. மூன்றே வாரத்தில் சுண்டைக்காய் அளவு. பஞ்சர் ஒட்டும்போது லேசாகப் பட்டாலே ரத்தம் நிற்காது. மரு என்று குதிரைவால் முடி கட்டிப் பார்த்தேன், அன்றைக்கு ஓடின ரத்தத்துக்குக் கடையே பயந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டிச் சுட்டார்கள். ரிப்போர்ட்டில் 'பயோஜெனிக் கிரானுலோமா'. அதுவும் இந்தக் குடும்பமா சார்?

---

பழைய_ஸ்லைடு | செவ்வாய், இரவு 10.25

ஆமாம், பங்காளிதான். பெயர் சீழ்க்கட்டி என்ற அர்த்தத்தில் இருக்கும், உள்ளே சீழும் கிடையாது, கிரானுலோமா என்கிற அழற்சி முடிச்சும் கிடையாது. நுண்குழாய்கள் கொத்துக்கொத்தாகப் பெருகின சாதுவான கட்டி. மாசமான பெண்களுக்குப் பல் ஈறில் வருவதும் இதுவே. வெட்டினதை லேபுக்கு அனுப்பினார்கள் பாருங்கள், அது முக்கியம். சீக்கிரம் வளர்ந்து ரத்தம் வருவது எல்லாம் சாது இல்லை. முடி கட்டினதுக்குத் திட்டலாம் என்று பார்த்தேன், உங்களுக்கே தண்டனை கிடைத்துவிட்டது.

---

முல்லைக்கொடி | புதன், காலை 7.50

என் தம்பி பையனுக்குப் பிறந்ததிலிருந்து கழுத்துப் பக்கம் நீர் நிறைந்த பை மாதிரி ஒன்று. சளி பிடித்தால் இரண்டு மடங்காகிறது. லிம்ஃபாஞ்சியோமா என்கிறார்கள். இதற்கும் அந்தப் பிபி மாத்திரை கொடுக்கலாமா?

---

பழைய_ஸ்லைடு | புதன், காலை 9.05

வேண்டாம். பெயரில் 'ஓமா' இருந்தாலும் அது பெருகும் கட்டி இல்லை, நிணநீர்க் குழாய் கோணலாக அமைந்துபோன உருக்குறை. பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ப்ரோப்ரனலால் அதற்கான மருந்து இல்லை. பெரிய அறைகளாக இருந்தால் நீரை உறிஞ்சிவிட்டு பிளியோமைசின் மாதிரி மருந்தை ஊசியில் உள்ளே விட்டு அறையை ஒட்ட வைப்பார்கள். குழந்தை அறுவைசிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று இறுகி வீங்கி மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் நாள் பார்க்க வேண்டாம்.

---

வாசல்_கோலம் | 17 நாள் கழித்து, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. இரவு_ஷிப்ட் அண்ணா, உங்கள் பதிலை வீட்டுக்காரரிடம் நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். கண்ணாடி, ஒட்டு என்ற இடத்தில் போனைப் பிடுங்கி அவரே மீதியைப் படித்தார். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

கண் டாக்டர் பார்த்தார். இடது கண்ணில் சிலிண்டர் பவர் கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறது, இப்போதே பிடித்ததால் குறைய வாய்ப்பு உண்டு என்றார். மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார். இசிஜி, எக்கோ எல்லாம் சரி. ஒரு நாள் இருந்து ஆரம்பித்தோம். உடம்பு முழுக்க எண்ணினேன் சார், இமையில் ஒன்று, இடது தோளில் மிளகு அளவு ஒன்று. இரண்டுதான்.

இன்று மருந்து ஆரம்பித்துப் பதினோராம் நாள். கோவைப்பழ நிறம் போய் மேலே சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, மேடு கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது. காலையில் ஜன்னல் பக்கம் திரும்பினாள், கருவிழி முழுதாகத் தெரிந்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கிரகணம் விட்டுருச்சு" என்றார். சரி, இருக்கட்டும்.

ஒரு சந்தேகம் அண்ணா. இன்று மத்தியானம் மருந்தைக் கொடுத்ததும் பாதியைத் துப்பிவிட்டாள். திரும்பக் கொடுக்கணுமா? கொடுக்கவில்லை, பயமாக இருந்தது.

---

இரவு_ஷிப்ட் | அன்றே, மாலை 5.48

கொடுக்காதது சரி. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, திரும்பக் கொடுத்தால் அளவு மீறிவிடும். அடுத்த வேளையை அந்த நேரத்துக்கு, எப்போதும் போல. சிரிஞ்சை நாக்கு மேல் வைக்காமல் கன்னத்தின் உள்பக்கம் வைத்து மெதுவாகத் தள்ளுங்க, துப்ப மாட்டாள். பால் குடித்தாளா?

---

வாசல்_கோலம் | மாலை 5.51

குடித்தாள். இப்போதும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஒரு கையில் டைப் பண்ணுகிறேன்.